பட்டாசுக் கம்பெனிக் கணக்கை கிளவுடில் ஏற்றலாமா?

கேள்வி: எங்களுக்கு சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம். அப்பா தொடங்கியது, இப்போது அலுவலகத்தை நான் பார்க்கிறேன். பார்ட்டிகள் பெரும்பாலும் வடமாநிலங்களில். ஆர்டர், குடோன் இருப்பு, நிலுவை எல்லாம் அலுவலகத்தில் இருக்கும் ஒரே சர்வரில். வரவு செலவு டாலியில். போன தீபாவளி முடிந்த கையோடு மழையில் இடி விழுந்து அந்த சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பென்டிரைவில் இருந்த பிரதி பதினொரு நாள் பழையது. லாரி ஷெட் ரசீதுகளையும் பார்ட்டிகளின் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து நிலுவையைத் திரும்ப எழுதி முடிக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர் கிளவுடுக்கு மாறச் சொல்லி அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், டிஜிட்டல் ஓஷன் என நான்கு பெயர் தருகிறார். "நம்ம பார்ட்டி நிலுவை எவன் கம்ப்யூட்டர்லயோ இருக்கிறதா?" என்று அப்பா மறுக்கிறார். சீசனில் நின்றுபோனால் என்ன செய்வது, பில் தாறுமாறாக வந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தூக்கமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ம.பா., சிவகாசி

பதில்: அன்புள்ள ம.பா. அவர்களுக்கு,

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன நான்கில் எதை எடுத்து ஒழுங்காக அமைத்தாலும், ஒரு இடியில் பதினொரு நாள் கணக்கு போகும் நிலை திரும்ப வராது. உங்கள் தரவு நான்கு நிறுவனங்களுக்கும் மிகச் சிறியது. அதைத் தாங்குவது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. பில்லையும் கட்டுக்குள் வைக்கலாம். அப்பாவின் தயக்கத்தை மட்டும் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணக்கு யார் கையில் இருக்கும் என்று அவர் கேட்கிறார். நான்கு பெயர்களில் எது என்பதைக் காட்டிலும் அந்தக் கேள்விதான் முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

சாஃப்ட்வேர்காரர் 'கிளவுட்' என்று சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தள மென்பொருளை அவரே நிறுவி அவரே பராமரிப்பது ஒரு வகை. வாடகை குறையும், ஆனால் அவர் பேக்கப் (காப்புப் பிரதி) எடுக்க மறந்தால் உங்கள் அலுவலகத்தில் நடந்ததே கிளவுடிலும் நடக்கும். இன்னொன்று மேனேஜ்டு டேட்டாபேஸ் (பராமரிப்பையும் நிறுவனமே ஏற்கும் தரவுத்தளம்). வட்டு பழுதானால் மாற்றுவது, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது, தினமும் பிரதி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அமேசான் 2009-இல் ஆர்டிஎஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. கூகுளில் இதன் பெயர் கிளவுட் எஸ்க்யூஎல். மைக்ரோசாஃப்டில் அஷ்யூர் டேட்டாபேஸ். டிஜிட்டல் ஓஷனிலும் உண்டு. சாஃப்ட்வேர் ஆள் ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் சொல்வேன்.

இதில் பாயின்ட் இன் டைம் ரெகவரி (கேட்ட நிமிடத்து நிலைக்கு மீட்பது) என்று ஒரு வசதி இருக்கிறது. மாலை 4.10-க்கு யாரோ தெரியாமல் பீகார் பார்ட்டிகளின் நிலுவையை அழித்துவிட்டால், 4.09-க்கு இருந்தபடி ஒரு புதுத் தரவுத்தளத்தை எழுப்பி அழிந்ததை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் பின்னால் போகலாம் என்பதை நாம்தான் அமைக்க வேண்டும். ஆர்டிஎஸ்ஸிலும் அஷ்யூரிலும் 35 நாள் வரை வைக்கலாம். டிஜிட்டல் ஓஷனில் 7 நாள்தான். சீசன் நேரத்தில் ஒரு தவறு நடந்து, பார்ட்டி சண்டைக்கு வந்த பிறகுதான் அது தெரியவரும். அதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். ஆகவே 35 நாள் என்று அமைக்கச் சொல்லுங்கள்.

இனி, நின்றுபோனால் என்ன என்ற கேள்வி. பட்டாசுத் தொழிற்சாலையில் ஒரு மருந்து அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஏன் அவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறையில் விபரீதம் நடந்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்களும் ஒரே பகுதிக்குள் (ரீஜன்) மின்சாரமும் கட்டடமும் தனித்தனியான வளாகங்களை அமைத்து, அவற்றை அவைலபிலிட்டி ஸோன் (தனித்தியங்கும் வளாகம்) என்கின்றன. ஆர்டிஎஸ்ஸில் 'மல்டி ஏஸட்' என்ற வகையை எடுத்தால் உங்கள் தரவுத்தளம் இரண்டு வளாகங்களில் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று விழுந்தால் மற்றது வழக்கமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் பொறுப்பேற்கும். வாடகை ஏறக்குறைய இரு மடங்கு. ஆடி முதல் தீபாவளி வரை மட்டும் இதைப் போட்டுக்கொண்டு, பிறகு எடுத்துவிடலாம்.

இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கு இரையானது. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் மூலத்தையும் பிரதியையும் சேர்த்தே இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. அதற்கு வெளியில் பிரதியே இல்லை. ஆகவே இரண்டு வளாகம் மட்டும் போதாது. ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஒரு பகுதி முழுவதுமே தடுமாறும் நாளும் வரும். 2025 அக்டோபர் 20 உங்களுக்கு நினைவிருக்கும், அன்று தீபாவளி. நம் நேரப்படி நண்பகல் தாண்டியதும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் பகுதி தடுமாறத் தொடங்கியது. முகவரிப் பட்டியலைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல்கள் ஒன்றோடொன்று மோதியதில், டைனமோடிபி என்ற சேவையின் முகவரியே வெறுமையாகிவிட்டது. உலகெங்கும் பல செயலிகள் மணிக்கணக்கில் நின்றன. உங்கள் தரவு மும்பையில் இருந்திருந்தால் அது வேறு பகுதி. ஆனாலும் அப்படி ஒரு நாள் மும்பைக்கும் வரலாம் என்று எண்ணி ஓர் ஏற்பாடு செய்யுங்கள்: சீசனில் தினமும் மாலை நிலுவைப் பட்டியல், விலைப் பட்டியல், கையிருப்பு மூன்றையும் அலுவலகக் கம்ப்யூட்டரில் எக்செல் கோப்பாக இறக்கி, அச்சடித்தும் வையுங்கள். இன்டர்நெட்டே இல்லாத நாளிலும் கேஸ் கணக்குப் பார்த்து லாரியில் ஏற்றிவிடலாம். ஒப்பந்தத்தில் இருக்கும், 99.95 சதவீத நேரம் இயங்கும் என்ற உறுதியை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அந்த உறுதி தவறினால் பில்லில் ஒரு பங்கைக் கழித்துத் தருவார்கள். கைவிட்டுப் போன ஆர்டருக்கு ஒன்றும் தரமாட்டார்கள்.

நான்கு பெயர்களுக்கு வருவோம். நால்வருக்கும் இந்தியாவில் இடம் உண்டு. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும். கூகுளுக்கு மும்பையில் 2017 முதலும் டெல்லியில் 2021 முதலும். மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே புணே, சென்னை, மும்பை மூன்றிலும் தொடங்கிவிட்டது. டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூரு மட்டும். ஆகவே இன்னொரு ஊரில் பிரதி வேண்டுமானால் வெளிநாட்டிலோ வேறொரு நிறுவனத்திலோ நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டைத் தேர்ந்தெடுத்தால், சிவகாசிக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் சென்னையை எடுக்க வேண்டாம். புணேயில் நான் சொன்ன தனித்தனி வளாக வசதி இருக்கிறது. சென்னையில் அது கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறதென்றால் நான் சொல்வது ஆர்டிஎஸ், மும்பை. இரண்டாவது பிரதி ஹைதராபாத்தில். காரணம் எளியது. இந்த சாஃப்ட்வேர்காரர் நாளை துபாய்க்குப் போய்விட்டாலும், ஆர்டிஎஸ் தெரிந்த இன்னொருவர் மதுரையிலோ கோவையிலோ கிடைப்பார். உங்கள் சாஃப்ட்வேர்காரருக்கு கூகுள்தான் கைப்பழக்கம் என்றால் கிளவுட் எஸ்க்யூஎல்லும் ஏற்றதுதான்; எத்தனை நாள் பின்னால் போகலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக அவரோடு வாதாட வேண்டாம். சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் எழுதப்பட்டிருந்தால் அஷ்யூர் பக்கம் போங்கள், அதுதான் அதன் வீடு. டிஜிட்டல் ஓஷன் மாதம் ஏறத்தாழ 15 டாலரில் தொடங்குகிறது; அமைப்பதும் எளிது. சிறிய கடைக்குப் போதும். வடமாநிலம் முழுக்க நிலுவை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த 7 நாள் வரம்பு இடிக்கிறது. மிகப் பெரிய தரவுக்கான ஆரோரா, ஸ்பேனர் என்று பெரிய பெயர் யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் வேண்டாம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பில்லில் ஒரு வரிக்கு 500 பைட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2 லட்சம் வரி என்றால் 100 எம்பி. 20 ஆண்டுக் கணக்கும் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். உங்கள் கைப்பேசியில் இருக்கும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது. ஆகவே சிறிய அளவில் தொடங்குங்கள். பிறகு வேகத்தைக் கூட்டலாம், சீசன் முடிந்ததும் குறைக்கலாம். மாற்றும்போது சில நிமிடம் நிற்கும் என்பதால் இரவில் செய்யச் சொல்லுங்கள். வட்டின் கொள்ளளவு அப்படியல்ல. கூட்டுவது எளிது, குறைப்பது பெரும்பாடு. அதை மட்டும் ஆரம்பத்திலேயே அதிகமாக வாங்கிவிடாதீர்கள்.

பலர் கிளவுடுக்கு மாறிவிட்டு "முன்னைவிட மெதுவாக இருக்கிறதே" என்று வருந்துவார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சாஃப்ட்வேரை சிவகாசி அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு தரவுத்தளத்தை மட்டும் மும்பைக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் எஸ்டிமேட் திரையில் 150 அயிட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக விலை கேட்கும். ஒரு தடவை போய்வர 40 மில்லிநொடி என்றால், 150 தடவைக்கு 6 நொடி. பழைய சர்வர் அதே அறையில் இருந்ததால் இது உறைக்கவில்லை. சாஃப்ட்வேரையும் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில், அதே பகுதியில் ஏற்றி, அலுவலகத்திலிருந்து பிரவுசர் வழியாகப் பயன்படுத்துவதுதான் தீர்வு. சாஃப்ட்வேர்காரர் இதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டால், கேட்பது நியாயம்தான்.

அப்படிச் செய்தால் இன்னொரு ஆபத்தும் குறையும். அலுவலகத்திலிருந்து நேரடியாகத் தரவுத்தளத்தைத் தொடுவதற்காக அதன் கதவை உலகம் முழுவதற்கும் திறந்துவைப்பவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் அப்படிப் பாதுகாப்பில்லாமல் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களைத் திருடர்கள் துடைத்தெடுத்து, பணம் கேட்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். "பப்ளிக் ஆக்ஸஸ்" என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்கிறதா என நீங்களே திரையில் பாருங்கள். உங்கள் பார்ட்டி நிலுவை போட்டிக் கம்பெனிக்குப் போகும் வழி அந்தக் கதவும், பகிர்ந்துகொள்ளும் பாஸ்வேர்டும்தான். அமேசான் ஊழியர் உட்கார்ந்து படிக்கமாட்டார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். குடோன் பையனுக்கு நிலுவைத் திரை தேவையில்லை.

பில்லைப் பற்றி. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூவரும் இந்திய நிறுவனம் வழியாக ரூபாயில் பில் போட்டு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ப்பார்கள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே பதிந்துவிட்டால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் ஓஷன் பில் டாலரில் வரும். அதற்கு ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குபவரே வரி கட்டுவது) பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். கார்டில் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். யாரும் கவனிக்காமல் அந்தப் பணம் போகாவிட்டால் சேவையே நிறுத்தப்படும். அதனால் பில் மின்னஞ்சல் உங்கள் கைப்பேசிக்கு வர வேண்டும்.

பில் எகிறுவதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று, பழைய பதிப்பு. மைஎஸ்க்யூஎல் 5.7-இன் ஆதரவுக் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. அதை இன்னும் ஆர்டிஎஸ்ஸில் ஓட்டுபவர்களிடம் 2024 மார்ச் முதல் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். உங்கள் சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டு, ஆதரவு பாக்கி இருக்கும் புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகே ஏற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, சோதனைக்காகத் தொடங்கிவிட்டு மறந்துபோனவை. 'நிறுத்திவிட்டோம்' என்று நினைத்திருப்பார்கள்; ஆர்டிஎஸ்ஸில் நிறுத்திவைத்தது 7 நாள் கழித்துத் தானாக மீண்டும் எழுந்து ஓடத் தொடங்கும். பட்ஜெட் எச்சரிக்கை அமையுங்கள். ஆனால் அது எச்சரிக்கத்தான் செய்யும், செலவை நிறுத்தாது.

இப்போது அப்பா கேட்டது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். கிளவுடில் ரூட் அக்கவுன்ட் (எல்லாவற்றுக்கும் மேலான தாய்க் கணக்கு) என்று ஒன்று உண்டு. யார் மின்னஞ்சலில் அது தொடங்கப்படுகிறதோ அவருக்கே முழு அதிகாரம். பார்ப்பதும் மாற்றுவதும் அவரால் முடியும். தரவுத்தளத்தையும் அதன் பிரதிகளையும் ஒரே மூச்சில் அழிக்கவும் முடியும். நம் பக்கத்தில் பெரும்பாலும் சாஃப்ட்வேர் ஆளே தன் பெயரில், தன் கார்டில் தொடங்கிவிட்டு மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்கிக்கொள்வார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், இருவருக்கும் மனத்தாங்கல் வந்தாலும், அவருடைய கார்டு காலாவதியானாலும் உங்கள் குடும்பத்தின் கணக்கு அவரோடு போய்விடும். அப்பாவின் பயத்தை இங்கேதான் வைக்க வேண்டும்.

ஆகவே கம்பெனி பெயரில், கம்பெனி மின்னஞ்சலில், கம்பெனி கார்டில் நீங்களே கணக்கைத் தொடங்குங்கள். உட்கார்ந்து செய்தால் ஒரு மணி நேர வேலை. தாய்க் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (கைப்பேசிக் குறியீடு) போட்டு, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அப்பாவின் பெட்டியில் வையுங்கள். சாஃப்ட்வேர்காரருக்கு அவர் வேலைக்குத் தேவையான அனுமதியோடு ஒரு துணைக் கணக்கு கொடுத்தால் போதும்; அதிலும் பிரதிகளை அழிக்கும் அனுமதி வேண்டாம். 'டிலீஷன் புரொடெக்ஷன்' (அழிப்புத் தடை) என்ற சுவிட்சைப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆர்டிஎஸ்ஸில் தரவுத்தளத்தை அழிக்கும்போது, வைத்துக்கொள்ளச் சொல்லாவிட்டால், தானியங்கிப் பிரதிகளும் சேர்ந்தே போய்விடும். அதனால் வாரம் ஒரு முறை முழுப் பிரதி ஒன்றைக் கோப்பாக இறக்கி, வெளி வட்டில் உங்கள் வீட்டிலேயே வையுங்கள். 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் அமைப்பு, கூகுள் பக்கத்தில் நடந்த ஓர் அமைப்புத் தவறால் அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்தில் வைத்திருந்த பிரதியும் அவர்கள் மீண்டுவர உதவியது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

எடுத்த பிரதி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறை வைத்திருந்தும், அந்த நேரத்தில் ஒன்றுகூட உருப்படியாக இயங்கவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்திருந்த, ஆறு மணி நேரம் பழைய பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சாஃப்ட்வேர்காரரை உங்கள் எதிரே உட்காரவைத்து, போன வாரப் பிரதியைப் புதிதாக எழுப்பச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பார்ட்டியின் நிலுவையை நீங்கள் கேளுங்கள். கையில் இருக்கும் அச்சுப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆனதும் அந்தச் சோதனைப் பிரதியை அழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் ஏறும்.

டாலியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாலி தன் தரவைத் தன் சொந்தக் கோப்புகளில் வைக்கிறது. ஆர்டிஎஸ்ஸிலோ கிளவுட் எஸ்க்யூஎல்லிலோ அதை ஏற்ற முடியாது. அதற்குத் தனியாக ஒரு கிளவுட் கம்ப்யூட்டரோ டாலி வழங்கும் கிளவுட் சேவையோ வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகத்தின் பிரதி தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-இல் திருத்திய கம்பெனி விதி சொல்கிறது. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவுடுக்குப் போன கையோடு "பொதுமக்களுக்கும் ஆன்லைனில் விற்கலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைய விற்பனைத் தளங்கள் மூலம் பட்டாசு விற்கத் தடை விதித்தது. உரிமம் பெற்ற உங்கள் பார்ட்டிகள் உள்ளே வந்து இருப்பையும் நிலுவையையும் பார்ப்பதற்கு மட்டும் தளம் அமைத்து, ஒவ்வொருவரின் உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும் தரவுத்தளத்திலேயே பதிவு செய்யுங்கள். மேற்கொண்டு வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

எப்போது மாறுவது? ஆடியில் ஆர்டர் சூடுபிடித்த பிறகு தொடவே வேண்டாம். தை, மாசி சரியான காலம். நிலுவை வசூலாகி எண்ணிக்கை தெளிவாக இருக்கும். முதல் மாதம் பழைய சர்வரிலும் புதியதிலும் ஒரே பில்லைப் போடுங்கள். கணக்குப்பிள்ளை முகம் சுளிப்பார். ஒரு மாதம்தான் என்று சொல்லுங்கள். மாதக் கடைசியில் ஐந்து பெரிய பார்ட்டிகளின் நிலுவையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, பைசா பிசகாமல் ஒத்துவந்தால் பழையதை நிறுத்துங்கள். அந்த ஒப்பீட்டுத் தாளில் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பழைய சர்வரின் வட்டை மட்டும் அடுத்த தீபாவளி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.